எந்தப் பகுதி, எந்தத் தீவு

மில்லிக்கன், ஸ்காபரோ
11 ஜனவரி 2026

அன்புள்ள நிரூபா,

போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை. வந்தாலும் பிழையான சொல்தான் வருகிறது. ஆகவே எழுதுகிறேன். கணினியில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பினாலும் இதைக் கடிதம் என்றே எடுத்துக்கொள்.

போன மாதம் நத்தார்ப் பண்டிகை அன்று நீ துவாலுவிலிருந்து போன் எடுத்து, “அப்பா, நான் லோபாத்தியைக் கலியாணம் செய்யப்போறன். ஜூன் ஆறாம் திகதி. இஞ்சதான். பிறகும் இஞ்சதான் இருக்கப்போறன்” என்றாய். நான் “பாப்பம்” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அது கோபத்தில் சொன்னது அல்ல. இரண்டு வருட ஒப்பந்தத்தில் மழைநீர்த் தொட்டி கட்டப் போகிறாய் என்றுதான் உன்னை விமானம் ஏற்றினோம். அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஓம் சொல்லவும் எனக்கு வராது, இல்லை சொல்லவும் வராது. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரச உத்தியோகமாகத் திட்டமிடல் பகுதியில் இருந்த காலத்திலும் இதே குறைதான். ஒரு பாலத்துக்குச் சம்மதம் எழுதுவதற்குள் ஆற்றில் தண்ணீர் வற்றிவிடும் என்று பகிடி பண்ணுவார்கள்.

நூலகத்தில் தேடிப் படித்தேன். பெருங்கடலுக்கு நடுவில், மொத்த நிலம் இருபத்தாறு சதுர கிலோமீற்றர் என்று இருக்கிறது. எங்கள் ஸ்காபரோவுக்குள் அப்படி ஏழு நாடுகளை வைக்கலாம். கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆறு இல்லை. மலை இல்லை. மிக உயரமான இடமே ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கு வராது. ஒன்று மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது: அங்கேயும் அரசர் எங்கள் கனடாவின் அரசர்தான். அரசரை மாற்றாமலே நீ நாடு மாறியிருக்கிறாய்.

சில கேள்விகள். மழை பெய்யாவிட்டால் எதைக் குடிக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பாராளுமன்றத்தில் எத்தனை பேர், எந்தக் கட்சி? கடைசியாக ஒன்று, இது பிக்கரிங்கில் இருக்கும் உன் பேபி மாமி கேட்கச் சொன்னது: அந்தப் பிள்ளை எந்தப் பகுதி?

அம்மா சுகம். உனக்கு எழுதுகிறேன் என்றதும், “கேள்வியோ எழுதிறியள்? பதிலை எழுதுங்கோவன்” என்றாள்.

அன்புடன்,
அப்பா


ஃபுனாஃபுத்தி
19 ஜனவரி 2026

அன்புள்ள அப்பா,

உங்கள் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கேட்டால் பாப்பம். நாய்க்குட்டி கேட்டால் பாப்பம். நான் ஒரு சுற்றுலாவுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டில் நாயும் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அரசர் பற்றி எழுதியதை வாசித்துச் சிரித்துவிட்டேன். ஆகவே பதில்.

தண்ணீர்: கூரையில் விழுவதைத் தொட்டியில் பிடிக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி. மழை பிந்தினால் எல்லோரும் ஒருவர் தொட்டியை ஒருவர் தட்டிப் பார்ப்பார்கள். தட்டும் சத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் இப்போது தெரியும்.

ஆஸ்பத்திரி: நடந்து போகலாம். இங்கே எல்லாமே நடந்து போகலாம். சில இடங்களில் தெருவில் நின்றால் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் உள்கடல், நடுவில் நான். விமானம் வராத நேரம் ஓடுபாதையில் பந்தடிப்பார்கள். விமானம் வரும் முன் சங்கு ஊதும், எல்லோரும் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவார்கள்.

அரசாங்கம்: பதினாறு உறுப்பினர்கள். கட்சியே இல்லை. உங்களுக்கு நம்ப முடியாது என்று தெரியும். தெரிவானவர்கள் ஒன்றாகக் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரதமராக்குவார்கள். போன கிழமை கடையில் வெங்காயத்துக்கு வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஓர் அமைச்சர் நின்றார். வெங்காயம் அவரோடு முடிந்துவிட்டது.

பகுதி: தெற்குப் பகுதி. எல்லாவற்றுக்கும் தெற்கே, ஒன்பதாவது தீவு. பெயர் நியூலகீத்தா. நாற்பது பேர்கூட இல்லை. லோபாத்தி அங்கே பிறந்தவன். இப்போது தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை. பேபி மாமிக்கு இந்தப் பதில் காணும்தானே? மாமி சாதியைத்தான் கேட்கிறா என்று தெரியும், ஆனால் ‘பகுதி’ என்றால் புவியியல் என்றுதான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்குப் படிப்பித்தார்கள்.

ஜூன் ஆறு. நீங்கள் ஓம் சொல்லாமல் நான் செய்ய மாட்டேன். அதையும் லோபாத்தியிடம் சொல்லிவிட்டேன். ஆகவே உங்கள் கையில் இருப்பது என்னுடைய கலியாணம், புத்தகம் அல்ல.

நிரூபா


மில்லிக்கன்
1 பெப்ரவரி 2026

அன்புள்ள நிரூபா,

உன் கடைசி வரி என்னை உறங்க விடவில்லை. ஆனாலும் இன்னொரு சந்தேகம் அதைவிட மேலே வந்து நிற்கிறது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

‘துவாலு’ என்ற பெயருக்கே எட்டும் சேர்ந்து நிற்பது என்றுதான் பொருள் என்று வாசித்தேன். நீயோ ஒன்பதாவது என்கிறாய். ஒவ்வொரு தீவுக்கும் இரண்டு உறுப்பினர் என்றால், பதினாறை இரண்டால் பிரிக்க எட்டுத்தான் வருகிறது. அப்படியானால் அந்த நாற்பது பேரின் வாக்கு எங்கே போகிறது? அவர்கள் பெயரிலும் இல்லை, பாராளுமன்றத்திலும் இல்லையா? நான் பிழையாக விளங்கியும் இருக்கலாம்.

இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், 1977 தேர்தலில் எனக்கு அனலைதீவில் கடமை. ஊர்காவற்துறையிலிருந்து வாக்குப் பெட்டியோடு படகில் போனேன். பெட்டி ஒன்றுதான், ஆனால் அது வந்து சேராமல் கச்சேரியில் ஒருவராலும் கணக்கை முடிக்க முடியாது. சின்ன இடத்தின் பெட்டியும் அவ்வளவு பாரம்தான். அன்று எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்த பிள்ளைதான் உன் அம்மா. அது உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு பிக்கரிங் போயிருந்தோம். பேபி இடியப்பம் அவித்திருந்தாள். நாங்கள் கோப்பையில் கை வைக்க முன்னமே தொடங்கினாள்.

“அண்ணை, என்ன பகுதியெண்டு கேட்டனீங்களோ?”

“கேட்டனான். தெற்குப் பகுதியாம்.”

“தெற்கோ? ஐயோ, சிங்களப் பகுதியோ?”

“இல்லை பேபி. அந்த நாட்டின்ர தெற்கு. ஒரு சின்னத் தீவு.”

பேபி சொதியை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். “அதுசரி. தீவாற்ற பெட்டை தீவானைத்தானே பிடிப்பாள்.”

தீவாரை ஒரு படி கீழே வைத்துப் பேசும் எங்கள் யாழ்ப்பாணப் பழக்கம் உனக்குத் தெரியும். இப்படியான நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்கு எப்போதும் மறுநாள்தான் தெரியவரும். உன் அம்மாதான் பதில் சொன்னாள்.

“ஓம் மச்சாள். உங்கட அண்ணையையும் ஒரு தீவாள்தான் பிடிச்சவள். நாப்பத்தேழு வருசமாச்சு, ஆள் இன்னும் தாண்டு போகேல்லை.”

பேபி எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் போட்டாள். பிறகு பனி கொட்டுவதைப் பற்றிக் கதைத்தோம்.

அந்த ஒன்பதாவது தீவின் வாக்கைப் பற்றி எழுது. உன் கேள்வியை நான் மறக்கவில்லை.

அப்பா


ஃபுனாஃபுத்தி
16 பெப்ரவரி 2026

அன்புள்ள அப்பா,

முதலில் உங்கள் வாக்குப் பெட்டி. நியூலகீத்தாவில் இருப்பவர்கள் நியூத்தாவோ என்ற வடக்குத் தீவிலிருந்து போன நூற்றாண்டின் நடுவில் போய்க் குடியேறியவர்கள். ஆகவே அவர்கள் வாக்கு நியூத்தாவோவோடு சேர்த்துத்தான் எண்ணப்படும். எட்டு என்று பெயர் வந்தபோது அங்கே நிரந்தரமாக ஆட்கள் இல்லை. லோபாத்தியைக் கப்பலில் ‘மிச்சம்’ என்று கூப்பிடுவார்கள். எட்டைப் பங்கு போட்ட பிறகு மிஞ்சியவன். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அம்மா பேபி மாமிக்குச் சொன்னதை அவனுக்கு மொழிபெயர்த்தேன். அவன் இரண்டு நாளாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். ‘மூழ்கிப் போகவில்லை’ என்று விளக்கியும், ‘தாண்டு போகேல்லை’ என்பதை அப்படியே தமிழில் சொல்கிறான், கொஞ்சம் பிழையாக.

இந்த மாதம் கடல் மிக உயரப் பெருகும் காலம். கடல் கரையைத் தாண்டி வருவதில்லை அப்பா, நிலத்துக்குள்ளிருந்து கொப்புளித்து வருகிறது. முற்றத்தில் கணுக்கால் அளவு. பிள்ளைகள் அதற்குள் நின்று விளையாடுகிறார்கள். வற்றியதும் எல்லோரும் கூட்டி அள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் எங்காவது வாசிப்பீர்கள்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். லோபாத்தியின் தாய்மாமன்மார் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். கூட்ட மண்டபத்தில் கலியாணத்தை அறிவிக்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாயில் இருந்தோம். மூத்தவர் கேட்டார்: “பிள்ளை, உன்ர தீவு எது?”

கனடா என்றேன்.

“அது நாடு. தீவைக் கேட்டனான்.”

இலங்கை தீவுதானே என்றேன்.

“எவ்வளவு சனம்?”

“இரண்டு கோடிக்கு மேல.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அப்ப அதுவும் நாடுதான்” என்றார் இளையவர். “ஆளுக்கு ஒரு தீவு இருக்கும். நீ எந்தத் தீவு ஆக்கள்?”

யாழ்ப்பாணம் என்றேன். அது தீவா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் அதைப் பிழையாக எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்பதுதான் சரி என்றார்கள். இங்கே யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி அதுதான், அது தெரிந்தால் பிறகு யாருக்கு யார் சொந்தம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் என்ன சொல்ல? எனக்கு இரண்டு பதில் வேண்டும் அப்பா. ஒன்று இது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நிரூபா


மில்லிக்கன்
8 மார்ச் 2026

அன்புள்ள நிரூபா,

யாழ்ப்பாணம் தீவா என்ற கேள்விக்கு மூன்று நாள் செலவழித்தேன். மூன்று பக்கம் கடல். தெற்கே நீரேரி. தென்கிழக்கே ஒரு ஒடுங்கிய நிலத்தால் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே குடாநாடு. தீவு அல்ல. ஆனால் நீரேரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் தீவு போலத்தான் தெரியும். இப்படி ஒரு பக்கம் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, “ஏறக்குறைய தீவு” என்று முடித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ, முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது. பிழை ஏதும் இருக்கோ கமலம்?”

“பிழையில்லை. அனலைதீவு எண்டு எழுதுங்கோ.”

“அது உம்மட ஊர். பிள்ளை பிறந்தது கோண்டாவிலிலை.”

“அவை பிறந்த இடத்தைக் கேக்கேல்லை. தீவைக் கேட்டவை. என்ர பிள்ளைக்கு ஒரு தீவு இருக்கு. தாயைக் கொண்டு வந்தது. ஏன் அவள் ஏறக்குறைய எண்டு சொல்லவேணும்?”

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் கலியாணம் செய்து வந்த நாளிலை இருந்து, எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டால் மெதுவாத்தான் சொல்லிறனான். சொன்னவுடனை முகம் மாறும். இவை கேக்கினம், சொன்னால் சந்தோசப்படுவினம். அப்பிடி ஒரு நாடு இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.”

நான் எழுதிய பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். அனலைதீவு. அதைச் சொல். ஆனால் தாய் வழியில் தீவு வருவதை அந்த மாமன்மார் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பார். ஏற்காவிட்டால் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேண்டும்.

இனி மற்றது. நான் இதுவரை கேட்ட எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்விதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தண்ணீர், உயரம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் கேட்டேன். நேராகக் கேட்கப் பயம். அந்த நாடு இருக்குமா, நிரூபா? நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு, உன் பிள்ளைகள் நிற்கும் காலத்தில், அங்கே கால் வைக்க நிலம் இருக்குமா? ஒரு தகப்பன் தன் பிள்ளையை நிலத்துக்குள்ளால் கடல் வரும் இடத்துக்கு எப்படி ஓம் சொல்லி அனுப்புவான்?

நீ கோபிக்காமல் பதில் எழுதவேண்டும். எனக்கு எழுபத்தைந்து வயது. இதற்கு மேல் சுற்றிக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பா


ஃபுனாஃபுத்தி
27 மார்ச் 2026

அன்புள்ள அப்பா,

கோபம் இல்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் ஜனவரியிலிருந்து காத்திருந்தேன் போலிருக்கிறது.

பதில்: தெரியாது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. கடலை நிரப்பிப் புது நிலம் உயர்த்தியிருக்கிறார்கள், அதில் நான் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இருநூற்றெண்பது பேர் அவுஸ்திரேலியாவில் போய் இருக்கச் சீட்டுக் குலுக்குகிறார்கள். லோபாத்தியின் தங்கை பெயர் கொடுத்திருக்கிறாள். அவன் கொடுக்கவில்லை. என்னிடம் கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது. போகவேண்டி வந்தால் போவோம். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்திருக்கிறோம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை, சண்டை பிடித்தும் கதைத்திருக்கிறோம். அவனுக்குப் போவது என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு வயதில் ஒரு பையோடு வந்தவள்தானே நான்.

போரில் இடிந்துபோன கோண்டாவில் வீட்டை நீங்கள் கட்டியபோது அது இருக்குமா என்று யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எந்த இடம் இருக்கும் என்று பார்த்து நான் ஆளைத் தெரிவு செய்யவில்லை என்று சொல்ல எழுதுகிறேன்.

இனி நல்ல செய்தி. மாமன்மாரிடம் அனலைதீவு என்று சொன்னேன். தாய் வழியில் என்றும் சொன்னேன். “தாயும் ஆள்தானே” என்றார் மூத்தவர். பிறகு தொடங்கிவிட்டார்கள். எவ்வளவு பெரிது, கிணறு உண்டா, தண்ணீர் நல்லதா, உப்பா, என்ன மீன், யார் உறுப்பினர், படகு கிழமைக்கு எத்தனை தடவை. எனக்குப் பாதி தெரியவில்லை. உங்களிடமிருந்து வந்த பழக்கம் என்று நினைத்தேன், இவர்கள் உங்களைவிட மோசம். படத்தைப் போனில் காட்டினேன். இளையவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எங்கட தீவை விடப் பெரிசு” என்றார், கொஞ்சம் மனவருத்தத்தோடு. ஞாயிறு மண்டபத்தில் எழுந்து அறிவித்துவிட்டார்: நியூலகீத்தாவின் லோபாத்தி, அனலைதீவின் நிரூபா. தகப்பன் சம்மதம் வந்ததும், என்று சேர்த்துக்கொண்டார்.

லோபாத்தியின் அம்மா நியூலகீத்தாவில் இருக்கிறா. முழங்கால் வருத்தம், கலியாணத்துக்குக் கப்பலில் வர முடியாது. ஆகவே கலியாணம் முடிந்து நாங்கள் அங்கே போவோம். ஒரு முழு நாளுக்கு மேல் கடல். துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்கும், சின்னப் படகில் இறங்கிப் பவளப்பாறைக்கு மேலால் கரைக்குப் போகவேண்டும். உங்களிடம் வரச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஓம் மட்டும் கேட்கிறேன்.

நிரூபா


மில்லிக்கன்
12 ஏப்ரல் 2026

அன்புள்ள நிரூபா,

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். கோண்டாவில் வீட்டைப் பற்றிய இடம் வந்ததும் அம்மா வாங்கி மிச்சத்தை வாசித்தாள். ‘அனலைதீவின் நிரூபா’ என்ற வரியை அவள் இரண்டாவது தடவையும் வாசித்தாள், எனக்காக அல்ல.

நீ கேட்டது சரி. வீடு கட்டியபோது நான் யாரிடமும் கேட்கவில்லை. மண் பரிசோதனை மட்டும் செய்தேன். மண் நன்றாகத்தான் இருந்தது.

மாமன்மாருக்கான பதில்களை அம்மா சொல்லச் சொல்ல எழுதி இணைத்திருக்கிறேன். கிணறுகள் உண்டு, சிலது நல்ல தண்ணீர், சிலது உவர். இறால், நண்டு, கணவாய். படகைப் பற்றி அவள் சொன்னதில் இப்போது என்ன நடைமுறை என்று எனக்கு நிச்சயமில்லை, அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். எங்கள் தீவு பெரிது என்பதற்காக அவர்கள் மனவருத்தப்பட வேண்டாம் என்றும் அம்மா எழுதச் சொன்னாள்.

பேபி நேற்று போன் எடுத்தாள். “அண்ணை, முடிவா என்ன செய்யப்போறியள்?” என்றாள். நாங்கள் போகிறோம் என்றேன். பிறகு, “அங்க என்ன சீலை உடுக்கிறது? மெல்லிசாத்தான் உடுக்கவேணும் என்ன?” என்றாள். அவளும் வர யோசிக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் பிழையாக விளங்கியும் இருக்கலாம்.

பயணச்சீட்டு எடுத்தாயிற்று. வன்கூவர், நாடி, சூவா, பிறகு ஃபுனாஃபுத்தி. ஒவ்வொரு இடத்திலும் எங்கே மாறவேண்டும் என்று தனித்தனியே பார்த்து வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் வந்து இறங்குவோம். கலியாணம் முடிந்து நியூலகீத்தாவுக்கும் வருகிறோம். சம்பந்தியைப் பாராமல் திரும்பினால் மரியாதை இல்லை என்கிறாள் அம்மா. எனக்கு அந்தத் தீவைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை.

கப்பலில் ஒரு நாள் இருப்பதை யோசித்துவிட்டேன், அது ஏலும். யோசிக்க முடியாமல் இருப்பது அந்த இறக்கம்தான். கப்பலும் ஆடும், படகும் ஆடும், இரண்டும் ஒரே பக்கம் ஆடாது. இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது? அம்மா வலது கால் என்கிறாள். அது வீட்டுக்குள் போவதற்கு. படகுக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா